சிரிப்பு டிராகுலா வரையலாம் வாங்க: அடி லேயர் வரைக்கும் ஒரு த்ரெட்

1/
போட்டோஷாப்போ, இலவசமாகக் கிடைக்கிற கிரிட்டாவோ, ஏதாவது ஒன்றைத் திறந்து வச்சுக்கோங்க. இன்னிக்கு ஒரு காமெடிப் படம் வரையப் போறோம். சீன் இதுதான்: ரத்த வங்கி ஜன்னல். வரிசையில் கையில் டோக்கனோட ஒரு டிராகுலா. உள்ளே இருக்கிறவர் தலையை நிமிர்த்தாமலே சொல்றார்: "ஓ நெகட்டிவ் ஸ்டாக் இல்ல சார். பி பாசிட்டிவ்!"

2/
இதுக்கு விளக்கம் தேவையில்லை. கறுப்பு அங்கி, விறைச்சு நிற்கிற காலர், வெளுத்த முகம், ரெண்டு கோரைப்பல். நாலு கோடு போட்டாலே சின்னக் குழந்தைகூட யாருன்னு சொல்லிடும். 2017-ல் இவருக்குன்னு ஒரு இமோஜியே வந்தாச்சு. ஆனா இந்த அடையாளங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பிறந்தவை இல்லை. வேற வேற வருஷத்துல, வேற வேற ஆட்கள் ஒட்டினது.

3/
டிஜிட்டல் ஓவியம் பழகினவங்களுக்கு லேயர் தெரியும். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது மாதிரி. அங்கி ஒரு தாள், முகம் ஒரு தாள், பின்னணி ஒரு தாள். போட்டோஷாப்பில் இந்த வசதி 1994-ல், மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. பக்கத்துல இருக்கிற கண் படத்தை அழுத்தினால் அந்த லேயர் மறையும், கீழே இருப்பது தெரியும். இப்போ டிராகுலாவுக்கு அதைத்தான் செய்யப் போறோம்.

4/
முதலில் காலர். 1897-ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா' நாவலில் இந்தக் காலர் கிடையாது. 1924-ல் இங்கிலாந்தில் ஹாமில்டன் டீன் அதை நாடகமாகப் போட்டார். மேடையில் டிராகுலா சட்டுனு மாயமாகணும். நடிகர் முதுகைக் காட்டி நிற்பார், உயரமான காலர் தலையை மறைச்சிடும், ஆள் மேடைப் பலகையில் இருக்கிற கதவு வழியா கீழே நழுவிடுவார். மிஞ்சுவது அங்கி மட்டும். மேடை வித்தைக்காகத் தைத்த சட்டை அது!

5/
அந்த நாடகம் 1927-ல் அமெரிக்காவின் பிராட்வேக்குப் போனது. அதில் நடித்த ஹங்கேரிக்காரர் பெலா லுகோசி, 1931-ல் வந்த படத்திலும் நடித்தார். இன்னிக்கு எல்லாரும் மிமிக்ரி பண்ற அந்த இழுத்துப் பேசுற உச்சரிப்பு அவரோடது. காலர் லேயரை அணைச்சாச்சு.

6/
அடுத்து பல். ஒரு ஆச்சரியம்: 1931 படத்தில் லுகோசியின் வாயில் நீண்ட கோரைப்பல்லே தெரியாது. ஸ்டோக்கர் நாவலில் பல் உண்டு. அதுக்கு முன்னாடி 1840-களில் இங்கிலாந்தில் மலிவு விலையில் வந்த 'வார்னி' தொடர்கதையிலும் உண்டு. ஆனா நீண்ட பல்லையும் சிவப்பு ரத்தத்தையும் கலர்ல காட்டி எல்லார் மனசுலயும் பதிய வைத்தது 1958-ல் கிறிஸ்டோபர் லீ நடித்த படம்தான்.

7/
வெயில் பட்டா சாம்பலாகிடுவார்ங்கிறது? அதுவும் சினிமா உபயம். ஸ்டோக்கரின் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடக்கிறார். சக்தி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 1922-ல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' மௌனப் படத்தில்தான் சூரிய வெளிச்சம் அவரைக் கொல்கிறது. இந்த 1922-ஐ ஞாபகத்துல வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

8/
அடுத்தது அந்த வெளுத்த, மெலிந்த, பணக்காரக் கனவான் முகம். இதை ஒட்டினவர் ஒரு டாக்டர். ஜான் வில்லியம் பொலிடோரி. எடின்பரோவில் படித்து 19 வயதிலேயே பட்டம் வாங்கியவர், கவிஞர் பைரனின் சொந்த மருத்துவர். 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் பைரன், ஷெல்லி, மேரி எல்லாரும் மழையில் அடைபட்டு, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம்னு உட்கார்ந்தாங்க. மேரிக்கு 'ஃபிராங்கன்ஸ்டைன்' பிறந்தது அங்கேதான்.

9/
பொலிடோரி எழுதிய கதை 1819-ல் அச்சானது, அதுவும் பைரன் பெயரில்! அதில் வரும் ரத்தக்காட்டேரி ஒரு பிரபு. விருந்துக்குப் போவார், பெண்களை மயக்குவார். அதுக்கு முன்னாடி இருந்த காட்டேரி யார் தெரியுமா? உப்பிய வயிறு, சிவந்து கறுத்த முகம், அழுக்குச் சவத்துணி. ஒரு கிராமத்து விவசாயி. அவரிடம் தான் இப்போ போகப் போறோம். போகும் முன் இன்னும் ஒரு லேயர் பாக்கி.

10/
நம்ம படத்துல இருக்கிற ரத்தப் பை. ஸ்டோக்கர் நாவலில் லூசி என்ற பெண்ணுக்கு ரத்தம் குறைந்துகொண்டே போகிறது. நாலு ஆண்களின் ரத்தத்தை ஒருவர் பின் ஒருவராக எடுத்து ஏற்றுகிறார்கள். எந்தப் பரிசோதனையும் இல்லை. கார்ல் லாண்ட்ஸ்டைனர் வியன்னாவில் ரத்த வகைகளை அறிவித்தது 1901-ல். கிராஸ் மேட்ச் பண்ணாம நாலு பேர் ரத்தம் ஏத்தினா, ஆளைக் கொல்ல டிராகுலா தனியா வரணுமா என்ன?

11/
இப்போ எல்லாத்தையும் அணைச்சாச்சு. அடி லேயர் மட்டும். இடம்: செர்பியாவின் வடபகுதி. 1718-ல் ஒரு ஒப்பந்தப்படி அந்தப் பகுதி துருக்கியரிடமிருந்து ஆஸ்திரியப் பேரரசின் கைக்குப் போனது. புது ஆட்சி, புது அதிகாரிகள். இவங்க எல்லாத்தையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்புற ஆட்கள். செத்தவன் எழுந்து வருவான்ங்கிற நம்பிக்கை அங்கே பழசு. அதை அரசாங்கக் காகிதத்தில் ஏற்றியது புதுசு.

12/
1725, கிசிலோவா கிராமம். பீட்டர் ப்ளோகோயோவிட்ஸ் என்பவர் இறந்து பத்து வாரம் ஆகுது. எட்டே நாளில் ஊரில் ஒன்பது பேர் சாகிறார்கள். ஒவ்வொருவருக்கும் நோய் ஒரு நாள்தான். சாகும் முன் "பீட்டர் ராத்திரி வந்து மேல படுத்துக் கழுத்தை நெரிச்சான்" என்று சொல்கிறார்கள். ஊரார் அதிகாரி ஃப்ரோம்பால்டிடம் போய் நிற்கிறார்கள்: கல்லறையைத் தோண்டணும், இல்லேன்னா ஊரையே காலி பண்ணிட்டுப் போயிடுவோம்.

13/
அவர் மேலிட அனுமதி வரட்டும்னு சொல்லிப் பார்த்தார். நடக்கலை. பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு போனார். தோண்டினார்கள். மூக்கு கொஞ்சம் அழுகியதைத் தவிர உடல் புதுசா இருந்தது, முடியும் நகமும் வளர்ந்திருந்தது, பழைய தோல் உரிந்து அடியில் புதுத் தோல், வாயில் ரத்தம் என்று எழுதினார். மரக்கூர் ஏற்றி எரித்தார்கள். அறிக்கையின் கடைசியில் என்ன எழுதினார் தெரியுமா? இதில் தப்பு இருந்தால் பொறுப்பு என்னுடையது இல்லை, பயத்தில் தன்னிலை இழந்த ஜனங்களுடையது என்று! அரசு வேலையில் இருக்கிற எல்லாருக்கும் இந்த வரி நல்லாவே புரியும்.

14/
அடுத்தது 1732, மெட்வெஜா கிராமம். சில வருஷம் முன்னாடி வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்த அர்னோல்ட் பாவ்லேயில் தொடங்கிய கதை. இப்போ மூன்று மாதத்தில் 17 பேர் சாவு. முதலில் ஒரு தொற்றுநோய் மருத்துவர் போனார். தொற்று எதுவும் தெரியவில்லை, கடும் விரதத்தால் உடம்பு கெட்டிருக்கு என்று எழுதினார். ஊர் அடங்கவில்லை. பிறகு படை அறுவை மருத்துவர் ஜோஹான் ஃப்ளூக்கிங்கர் அனுப்பப்பட்டார். ஜனவரி 7. கடும் குளிர்.

15/
இந்த அறிக்கையைத்தான் நான் சொல்ல வந்தேன். அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற என்னை மாதிரி எம்.பி.பி.எஸ். டாக்டர்கள் போஸ்ட்மார்ட்டமும் செய்வோம். அந்தக் கண்ணோட படிச்சா, ஃப்ளூக்கிங்கர் பொய்யே சொல்லலை. பார்த்ததை அப்படியே எழுதியிருக்கார். ஒவ்வொரு குறிப்புக்கும் இன்னிக்கு விளக்கம் இருக்கு. பாருங்க.

16/
வாயில் ரத்தம்? இறந்த உடம்புக்குள் கிருமிகள் வாயுவை உண்டாக்கும். வயிறு உப்பும். அந்த அழுத்தத்தில் அழுகிய திரவம் ரத்த நிறத்தில் வாய், மூக்கு வழியா வெளியே வரும். யாரையும் குடிச்சு வந்த ரத்தம் இல்லை. கூர் ஏற்றும்போது பாவ்லே முனகினான் என்றும் இருக்கு. அதுவும் அதே வாயுதான். நெஞ்சை அழுத்தினால் குரல்வளை வழியா வெளியேறும், சத்தம் வரும்.

17/
நகமும் முடியும் வளர்ந்தது? வளராது. சுற்றி இருக்கிற தோல் காய்ந்து சுருங்குறதால நீளமா தெரியும். 'புதுத் தோல்'? மேல்தோல் கழன்று வரும்போது அடியில் இளஞ்சிவப்பா தெரியும் உள்தோல். ரத்தம் உறையாம இருக்கு? இறந்த பிறகு உறைந்த ரத்தம் மறுபடி நீர்த்துப் போகும். பக்கத்துக் குழியில் இருந்த உடம்பு மட்டும் ஏன் அழுகிப்போச்சு? குழியின் ஆழம், மண், புதைத்த பருவம், சாவுக்கான நோய். எல்லாமே வித்தியாசம் பண்ணும்.

18/
மிலிசா என்று 60 வயதுப் பெண். வாழ்நாள் முழுக்க ஒல்லியாகவே பார்த்தோம், குழிக்குள்ள போய் இப்படிக் கொழுத்திருக்காளேன்னு ஊர்க்காரங்க அசந்து போனாங்களாம். எழுதின டாக்டருக்கும் அது அதிசயம். வேற ஒன்னும் இல்லை, வாயுவால் உப்பின உடம்பு. இதைப் படிக்கும்போது சிரிப்பு வரத்தான் செய்யும். தப்பில்லை. ஆனா அதே அறிக்கையில் இன்னொரு பெண் இருக்கிறாள்.

19/
பெயர் ஸ்டானா. வயது 20. பிரசவத்தில், மூன்றே நாள் நோயில் இறந்தவள். பிறந்த குழந்தையும் உடனே இறந்தது. ஃப்ளூக்கிங்கர் வயிற்றைத் திறந்து பார்த்து எழுதுகிறார்: கருப்பை பெரிதாக, வீங்கிச் சிவந்திருந்தது, நஞ்சுக்கொடி உள்ளேயே தங்கி, அந்த இடம் முழுக்க அழுகியிருந்தது.

20/
லேபர் வார்டில் ஒரு வருஷம் நின்ற எந்த டாக்டரிடமும் நர்ஸிடமும் இந்த வரியைக் காட்டுங்க. நஞ்சுக்கொடி தங்கி, கிருமித் தொற்றாகி இறந்த தாய் என்று சொல்லிடுவாங்க. சாவுக்கான காரணம் அந்த டாக்டர் கைக்குள்ளயே இருந்தது. அவரே எழுதியும் வச்சார். ஆனா அவர் பதில் தேடின கேள்வி "இவள் எப்படி இறந்தாள்?" இல்லை. "இவள் காட்டேரியா?" என்பது. ஆமாம் என்று எழுதினார். தலையை வெட்டி, உடலை எரித்து, சாம்பலை மொராவா ஆற்றில் கரைத்தார்கள்.

21/
அந்த அறிக்கை போய்ச் சேர்ந்த பேரரசின் தலைநகரம் வியன்னா. பிரசவம் பார்க்கும் முன் கை கழுவினாலே தாய்மார் சாவு குறையும் என்று செம்மல்வைஸ் காட்டியது 1847-ல், அதே வியன்னாவில். 115 வருஷம் கழிச்சு. ஸ்டானாவுக்குத் தேவைப்பட்டது அந்த அறிவு. கிடைத்தது காட்டேரிப் பட்டம்.

22/
ஊர்க்காரங்களை முட்டாள்னு சொல்லிட்டுப் போயிடலாம். நான் சொல்ல மாட்டேன். அவங்க கவனிச்சதைப் பாருங்க: ஒருத்தர் செத்தா, அடுத்து அதே வீட்டில், பிறகு பக்கத்து வீட்டில் சாவு. செத்தவரிடமிருந்து ஏதோ ஒன்னு மத்தவங்களுக்குப் போகுது. நெஞ்சை அழுத்துது. இது தொற்றுநோயைப் பற்றிய கச்சிதமான கவனிப்பு. கிருமி தெரியாததால், அந்த 'ஏதோ ஒன்னு'க்கு செத்தவர் முகத்தையே ஒட்டினாங்க. தூக்கத்தில் நெஞ்சில் ஏறி உட்காரும் அந்த உணர்வுக்கு நாமளும்தான் 'அமுக்குவான் பேய்'னு பேர் வச்சிருக்கோம்.

23/
சரி, இதுல காமெடி எப்போ வந்தது? ரொம்ப நாள் ஆகலை. அதே 1732-ல் செய்தி லண்டன் பத்திரிகைகளுக்குப் போய், 'வேம்பயர்' என்ற சொல் ஆங்கிலத்தில் பரவியது. மே மாதமே 'கிராஃப்ட்ஸ்மேன்' என்ற எதிர்க்கட்சிப் பத்திரிகை நக்கல் அடித்துவிட்டது: வேம்பயர் செர்பியாவில்தான் இருக்கணுமா? ஜனங்க ரத்தத்தை உறிஞ்சுற மந்திரிகள் இங்கேயே இருக்காங்களே! பிற்பாடு வோல்டேரும் அதே தொனியில் வியாபாரிகளையும் துறவிகளையும் வாரினார்.

24/
படம் வரையறதும் அப்படித்தான் தொடங்கியது. 1885-ல் வால்டர் கிரேன் முதலாளித்துவத்தை வௌவால் சிறகுள்ள வேம்பயராக வரைந்தார், உறங்கும் தொழிலாளி மேல். அதே வருஷம் லண்டன் 'பஞ்ச்' இதழ் அயர்லாந்து விடுதலைக் கட்சியை வேம்பயராக வரைந்தது. ஒரே கார்ட்டூன் உத்தி. ஒன்னு வலுத்தவனைக் குத்தியது, இன்னொன்னு உரிமை கேட்டவனைக் குத்தியது. யார் முகத்தை ஒட்டுறோம்ங்கிறதுதான் விஷயம்.

25/
1755-ல் பேரரசி மரியா தெரேசா காதுக்கு இன்னொரு கல்லறைத் தோண்டல் வந்தது. தன் மருத்துவர் கெரார்ட் வான் ஸ்வீட்டனிடம் கேட்டார். உடல் அழுகாமல் இருக்க இயற்கையான காரணங்கள் ஏகப்பட்டது உண்டு, இது அறியாமை என்று அவர் எழுதிக் கொடுத்தார். பிணத்தைத் தோண்டுவதும் கூர் ஏற்றுவதும் எரிப்பதும் தடை செய்யப்பட்டது. ஒரு டாக்டர் ஆமாம்னு எழுதின பேயை, இன்னொரு டாக்டர் இல்லைன்னு எழுதி நிறுத்தினார்.

26/
அத்தோட முடிஞ்சதா? இல்லை. 1892, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட், எக்ஸிட்டர் என்ற ஊர். பிரவுன் குடும்பம். அம்மா, மூத்த மகள், பிறகு ஜனவரியில் 19 வயது மெர்சி என்று வரிசையாகக் காசநோயில் இறந்தார்கள். மகன் எட்வினும் அதே நோயில் படுத்திருந்தான். செத்தவர்களில் ஒருத்தர் அவன் உயிரை உறிஞ்சுறாங்கன்னு ஊர் முடிவு பண்ணியது.

27/
மார்ச் 17-ல் திறந்தார்கள். எத்தனையோ வருஷம் முன்னாடி இறந்த அம்மாவும் அக்காவும் எலும்பாகியிருந்தார்கள். மெர்சியின் உடல் குளிர்காலம் என்பதால் கெடவில்லை, இதயத்தில் ரத்தம் இருந்தது. கூட இருந்த டாக்டர், நுரையீரலில் காசநோய் இருக்கு, இது இயற்கைதான் என்றே சொன்னார். யாரும் கேட்கவில்லை. இதயத்தையும் ஈரலையும் எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கலந்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவனும் இறந்தான்.

28/
இதுல வலிக்கிறது தேதிதான். காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. மெர்சியைத் தோண்டியதற்குப் பத்து வருஷம் முன்னாடி. அறிவு உலகத்தில் இருந்தது. எக்ஸிட்டர் வீட்டுக்குள்ள வந்து சேரலை. மருந்தும் அப்போ கிடையாது. மருந்து இல்லாத இடத்தில் சாம்பல்தான் மருந்தாகும்.

29/
இன்னிக்கு அந்தத் தப்பைச் செய்ய மாட்டோமா? 1985-ல் கனடாவின் டேவிட் டால்ஃபின் என்ற வேதியியலாளர் அமெரிக்க அறிவியல் மாநாட்டில் ஒரு கருத்து சொன்னார்: பழங்காலத்து வேம்பயர்கள் ஒருவேளை போர்ஃபிரியா நோயாளிகளாக இருக்கலாம். ரத்தச் சிவப்பணுவில் இருக்கிற ஹீம் உருவாவதில் குறை வரும் அரிய பரம்பரை நோய் வகை அது. சில வகைகளில் வெயில் பட்டால் தோல் கொப்பளிக்கும். மிக அரிய ஒரு வகையில் பல் சிவப்பாகவும் மாறும்.

30/
பத்திரிகைகளுக்கு அல்வா மாதிரி. 'வேம்பயர் நோய்'னு பேர் ஒட்டிக்கிச்சு. இப்போ அந்த 1922-ஐ ஞாபகப்படுத்திக்கோங்க. வெயில் சாகடிக்கும்ங்கிறது ஜெர்மன் சினிமாவில் வந்தது. கிசிலோவா ஊர்க்காரங்க சொன்ன காட்டேரிக்கு வெயில் அலர்ஜியே இல்லை. வெளுத்த முகம் 1819 கதைச் சமாச்சாரம், ஊர்க் காட்டேரி முகம் சிவந்து உப்பினது. ரத்தம் குடிச்சா போர்ஃபிரியா குணமாகவும் ஆகாது, வயிற்றில் செரிச்சுப் போயிடும். மேல் லேயரை எடுத்து அடி லேயர்ல ஒட்டின தப்பு இது.

31/
தப்பு யாரைச் சுட்டது? ஏற்கெனவே வெயிலில் போக முடியாம, பள்ளிக்கூடத்துல கேலியைத் தாங்கிட்டு இருக்கிற உண்மையான நோயாளியை. ஸ்டானாவுக்கு நடந்தது இதேதான், கூர் மட்டும் இல்லை. புரியாத நோய்க்குப் பேய் முகம் ஒட்டினா, கடைசியில் அந்த முகம் நோயாளி மேல வந்து விழும். காசநோய்னு தெரிஞ்சதும் தட்டு, டம்ளரைத் தனியா வைக்கிற வீடுகளை இன்னிக்கும் பார்க்கிறோம். காசநோய் காற்றுல பரவும், தட்டுல இல்லை.

32/
அதனால படத்தை வரையாதீங்கன்னு சொல்றேனா? இல்லவே இல்லை, தாராளமா வரைங்க. 1948-ல் லுகோசியே அபட், காஸ்டெல்லோ காமெடிப் படத்தில் மறுபடி டிராகுலாவாக வந்தார். 1972-ல் 'செசமி ஸ்ட்ரீட்' குழந்தைகளுக்கு எண்ணச் சொல்லித் தர ஒரு வேம்பயர் பொம்மையை வைத்தது. ஒன்பது பேரைக் கொன்றதாகக் கூர் ஏற்றிய பேய், 250 வருஷத்துக்குள்ள ஒன்னு, ரெண்டு, மூணு சொல்லிக் கொடுக்குது. கிருமியைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு நமக்குக் கிடைச்ச சிரிப்பு அது.

33/
காலரைக் கிண்டல் பண்ணுங்க, பல்லைக் கிண்டல் பண்ணுங்க, ரத்த வங்கி வரிசையில் அவரைக் காக்க வைங்க. எங்க டோக்கன் சிஸ்டத்தையும் சேர்த்தே கிண்டல் பண்ணுங்க, தாங்கிக்குவோம். அந்த அங்கிக்குள்ள ஒரு நோயாளி முகத்தை மட்டும் ஒட்டாதீங்க. அடிக்கடி ரத்தம் ஏத்திக்க வர்ற தலசீமியா குழந்தையை 'டிராகுலா'ன்னு கூப்பிடாதீங்க, செல்லமாகூட.

34/
கடைசியா ரெண்டு விஷயம், டாக்டரா சொல்லியே ஆகணும். இருமல் ரெண்டு வாரத்தைத் தாண்டினா அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை பண்ணிக்கோங்க. பரிசோதனை, மருந்து எல்லாமே இலவசம். எட்வினுக்குக் கிடைக்காத மாத்திரை உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்கு.

35/
18 வயசு முடிஞ்சு, எடை 45 கிலோவுக்கு மேல, ஆரோக்கியமா இருந்தா ரத்தம் கொடுங்க. ஆண்கள் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நாலு மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். பிரசவத்தில் ரத்தப்போக்காகி வர்ற இருபது வயசுப் பெண்ணுக்கு அது போய்ச் சேரும். நம்ம படத்துல "ஸ்டாக் இல்ல"ன்னு எழுதினது காமெடிக்குத்தான். நிஜ ஜன்னல்ல அந்த வார்த்தையைச் சொல்றப்ப எதிர்ல நிற்கிறவர் முகத்தைப் பார்க்க முடியாதுங்க.

யாராவது அந்தக் கார்ட்டூனை நிஜமாவே வரைஞ்சா கீழே போடுங்க, பார்க்கலாம்.